சிமிட்டாத விளக்கு

அம்மா தொலைபேசியில் குரலைத் தாழ்த்திப் பேசினால், அப்பா பக்கத்தில் எங்கோ இருக்கிறார் என்று பொருள். 2024ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது ஒரு காலையில் அப்படித்தான் பேசினாள்.

"ராத்திரியில எந்திரிச்சுப் போறாருப்பா. டார்ச்ச எடுத்துக்கிட்டு. நான் சொன்னேன்னு கேட்டுறாத."

எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலையைப் பார்த்தபடி எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பின் ஓர் ஓரத்தில் வீடு. மறு ஓரத்தில் ஆழ்துளைக் கிணறும், ஐந்து குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டியைக் கொண்ட ஓர் ஒற்றை அறையும். இரண்டுக்கும் இடையே இருநூறு தப்படி இருக்கும். மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறைவைத்து வரும். தமிழ்நாட்டில் உழவர்களுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். சும்மா கொடுக்கிற பொருள் எந்நேரத்தில் வந்தாலும் எழுந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. ஆகவே என் நினைவு தெரிந்த நாள் முதல் அவர் நள்ளிரவில் எழுந்து போகிறவராகவே இருந்தார். கையில் டார்ச்சு, மறு கையில் கம்பு. கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே நடப்பார். பாம்பு அதிர்வைக் கேட்டு விலகிக்கொள்ளும் என்பார்.

2020இல் அப்படிப் போனபோது வரப்பில் கால் இடறி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். விழுந்த பிறகும் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார் என்பதை அம்மா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெருமையாகச் சொல்கிறாளா, புகாராகச் சொல்கிறாளா என்பதை என்னால் பிரித்தறிய முடிந்ததில்லை.

அந்த நடையை நிறுத்தியவன் என் தமக்கை மகன். பொறியியல் இறுதியாண்டு. 2021இல் கொரோனாவினால் கல்லூரி மூடிக் கிடக்க, தாத்தா வீட்டில் வந்து தங்கியிருந்தான். உள்ளங்கை அகல நீலநிறப் போர்டு ஒன்றையும், இரண்டு ரிலேக்களையும், ஒரு காண்டாக்டரையும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி மோட்டார் அறைச் சுவரில் மாட்டினான். மும்முனை மின்சாரம் வந்ததும் அந்தப் பெட்டி ஐந்து நிமிடம் பொறுக்கும். பிறகு ஒரு விநாடி நேரம் காண்டாக்டரை இழுத்துவிடும். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை ஒரு விரல் அழுத்தி எடுப்பதற்கு அது சமம். தொட்டி நிறைந்து மிதவை மேலே வந்தால் இன்னொரு ரிலே சிவப்புப் பொத்தானின் வேலையைச் செய்யும். இரவில் தொட்டி நிறையும். காலையில் அப்பா மடையைத் திறந்துவிட்டு மரங்களுக்குப் பாய்ச்சிக்கொள்வார். மூன்றாண்டுகள் அவர் இரவு முழுக்கத் தூங்கினார்.

பெட்டி நின்றுபோயிருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பையன் இப்போது ஜெர்மனியில் முதுகலை படிக்கிறான். குடும்பத்தில் அடுத்துப் படித்தவன் என்று பார்த்தால் நான். கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். யாப்பும் இலக்கணமும் என் பாடங்கள். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஈரக்கையால் தொடக் கூடாது என்பது ஒன்றே. இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினேன்.

அப்பா என்னைப் பார்த்ததும் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"வாத்தியார் எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்திருக்காக?" என்றார் என்னிடமே. கேலியாக இருக்கும்போது எனக்கு 'ஆக' விகுதி கிடைக்கும்.

மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் முதலில் அவர் மூன்று பியூஸ் கேரியர்களையும் பிடுங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யார் வேலை பார்த்தாலும் பியூஸ் வீட்டுக்காரன் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். பெட்டிக்கு மட்டும் விளக்குக்கு வரும் லைனில் தனியே மின்சாரம் உண்டு. மூடியைத் திறந்தேன். போர்டில் ஒரு பச்சைப் புள்ளி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அதனருகே இன்னொரு சிறு விளக்கு, விநாடிக்கு ஒரு தடவை சிமிட்ட வேண்டியது, இருண்டு கிடந்தது. "அது சிமிட்டுனா உசிரோட இருக்குன்னு அர்த்தம் தாத்தா" என்று பையன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அப்பா தினமும் காலையில் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாராம்.

"எப்ப இருந்து இப்படி?"

"இடி இடிச்ச அன்னைக்கு நின்னுபோச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே அதுக்குச் சொகமில்ல. ஆடியில இருந்தே ராத்திரி பூரா டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்று காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இடி என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. இடி விழுந்தது, போர்டு போயிற்று. கதை முடிந்தது. வகுப்பில் மாணவன் ஒருவன் பாட்டின் முதலடியை மட்டும் படித்துவிட்டுத் திணை சொன்னால் நான் என்ன செய்வேனோ, அதை அன்று எனக்கு யாரும் செய்யவில்லை.

இரவு பையனிடம் பேசினேன். அவனுக்கு அப்போது மாலை நேரம். புதிதாக ஒரு போர்டு வாங்கிவிடலாமே, ஐந்நூறு ரூபாய்தானே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"மாமா, புரோகிராம் அந்தச் சில்லுக்குள்ள மட்டும்தான் இருக்கு. என் பழைய லேப்டாப்போட எல்லாம் போச்சு. போர்டு வாங்கலாம். அதுக்குள்ள இருக்கறத நான் மறுபடி எழுதணும். பரீட்சை முடியட்டும், மார்ச்சுல பாக்குறேன்."

மார்ச்சு வரை ஐந்து மாதம். ஐந்து மாதமும் அப்பா நடப்பார்.

அந்த நொடியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரே சுவடி. வேறு படி இல்லை. தமிழ் படித்தவனுக்கு இதைவிடத் தெளிவாக ஓர் ஆபத்தைச் சொல்லிவிட முடியாது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது எத்தனை ஊர்களில் எத்தனை சுவடிகளைத் தேடி அலைந்தார் என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறவன் நான். ஒரு படி சிதைந்திருந்தால் இன்னொரு படி கைகொடுக்கும். இங்கே இன்னொன்று கிடையாது.

பெட்டியைக் கழற்றி மதுரைக்குக் கொண்டுவந்தேன். காகிதப் பட்டையில் ஒவ்வொரு கம்பிக்கும் எண் எழுதி ஒட்டினேன். கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். 'ஒழுங்காக நான் செய்த காரியங்கள்' என்று பட்டியலிட்டால் இதற்கு முதலிடம் தரலாம்.

இனி இந்தப் போர்டைப் பற்றிச் சிறிது. இதன் பெயர் ஆர்டுயினோ. இத்தாலியின் வடக்கே இவ்ரேயா என்ற சிற்றூரில் வடிவமைப்பு கற்பிக்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் தாம் நினைத்த கருவியைச் செய்துபார்க்க வேண்டும் என்பதற்காக அங்கே எர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர் 2003இல் 'வயரிங்' என்ற ஒன்றைத் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கினார். அதன் அடியொற்றி 2005இல் மாஸிமோ பான்ஸியும் அவருடைய தோழர்களும் மலிவான இந்தப் போர்டைச் செய்தார்கள். அவர்கள் கூடிப் பேசும் மதுக்கடையின் பெயரையே அதற்கு இட்டார்கள். மதுக்கடையோ ஆர்டுயின் என்ற மன்னனின் பெயரைத் தாங்கியிருந்தது. 1002இல் இத்தாலிக்கு மன்னனாக முடிசூடி, அதிக நாள் நிலைக்காமல் தோற்றுப்போனவன். இங்கே தஞ்சையில் முதலாம் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நம் ராஜராஜனுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. தோற்ற அந்த மன்னனுக்கோ வாடிப்பட்டிப் பக்கத்து மோட்டார் அறையில் ஒரு பெட்டிக்குள் இடம் கிடைத்திருக்கிறது. வரலாறு யாருக்கு எங்கே கல்வெட்டு வைக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் போர்டின் மின்சுற்று வரைபடத்தை அவர்கள் மறைத்து வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், அதன்படி செய்துகொள்ளலாம். அதனால்தான் மூலத்தை விடப் பல மடங்கு மலிவான நகல்கள் சந்தையில் கிடைக்கின்றன. என் மருமகன் வாங்கியதும் அத்தகைய நகலே. கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசைமீது விரித்தேன். முதல் நாள் எனக்கு அது கோலம் போலத் தெரிந்தது. மூன்றாம் நாள் சில புள்ளிகளுக்குப் பெயர் தெரிந்தது.

போர்டின் நடுவே இருபத்தெட்டுக் கால்களோடு ஒரு பூரான் மாதிரிப் படுத்திருப்பதுதான் சில்லு. ஏடிமெகா 328 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். நிரலை வைத்துக்கொள்ள அதற்குள் 32 கிலோபைட் இடம். திருக்குறள் முழுவதையும் யுனிகோடில் எழுதினால் அதற்குள் அடங்காது. ஆனால் ஒரு கிழவரை மூன்றாண்டுகள் தூங்கவைக்க அந்த இடம் தாராளமாகப் போதும்.

பையன் சொல்லச் சொல்ல மல்டிமீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். அடாப்டரிலிருந்து உள்ளே வருவது 12 வோல்ட், சரி. போர்டுக்குள் அது 5 வோல்ட்டாகக் குறைய வேண்டும். 2.9 காட்டியது. குறைக்கிற வேலையைச் செய்கிற ரெகுலேட்டரில் விரல் வைத்தேன், சுட்டது. ரிலேக்களின் கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்; அப்போதும் 2.9. பளு குறைந்தும் தேறவில்லை என்றால் ரெகுலேட்டர்தான் போயிருக்கிறது என்றான் பையன். அது வேலை செய்யும் முறையும் எனக்கு வியப்பாக இருந்தது. 12 வந்தால் 5ஐக் கொடுத்துவிட்டு மீதி 7ஐ வெப்பமாக்கி எரித்துவிடுமாம். கோடையில் தகர ஓட்டின் கீழே, மூடிய பெட்டிக்குள், மூன்றாண்டுகள் அது அப்படி எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. இடி கடைசி உதையை மட்டும் கொடுத்தது போலும்.

ரெகுலேட்டரைச் சுற்றிக்கொண்டு யூஎஸ்பி வழியாக நேரே 5 வோல்ட் கொடுக்கலாம். கொடுத்தேன். பச்சை விளக்கு பிரகாசமாக எரிந்தது. சிமிட்டும் விளக்கு சிமிட்டவில்லை.

இங்கே ஒரு தவறு செய்தேன். இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து, விளக்கைச் சிமிட்டவைக்கும் சிறிய நிரல் ஒன்றைச் சில்லுக்கு அனுப்பிப் பார்த்தேன். பத்து முறை முயன்றுவிட்டு, 'ஒத்திசையவில்லை' என்ற பொருளில் சிவப்பெழுத்தில் ஒரு செய்தி வந்தது. மறுநாள் பையனிடம் சொன்னபோது அவன் அலறிவிட்டான்.

"மாமா! அது உள்ள போயிருந்தா பழைய புரோகிராம் அழிஞ்சிருக்கும்! அப்லோட் பட்டனத் தொடாதீங்க!"

ஏட்டை வாசிக்கத் தெரியாதவன் அதன்மேலேயே எழுதிப் பழகப் பார்த்திருக்கிறான். சில்லு பழுதாகிக் கிடந்ததனால் நிரல் தப்பியது. இரண்டு நாட்கள் நான் அந்த மேசைப்பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் பையன் நிதானமாக ஒரு சோதனை சொன்னான். கணினியிலிருந்து வரும் சொல்லை யூஎஸ்பிக்கான சிறு சில்லு ஒன்று வாங்கிப் பெரிய சில்லிடம் கொடுக்கிறது. பேச்சு எந்த இடத்தில் அறுபடுகிறது என்று காண வேண்டும். ரீசெட் முனையைத் தரையோடு ஒரு கம்பியால் இணைத்தால் பெரிய சில்லு வாயடைத்து நிற்கும். அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் இன்னொரு கம்பியால் இணைத்துவிட்டால், நாம் தட்டச்சிடுவது போன வழியே திரும்பிவர வேண்டும். இணைத்துவிட்டு 'அ' என்று அடித்தேன். 'அ' திரும்பி வந்தது. மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டுப் பதிலொலி கேட்ட சிறுவனைப் போல 'ஆ', 'இ', 'ஈ' என்று உயிர் பன்னிரண்டையும் அடித்துப் பார்த்தேன். எல்லாம் வந்தன. வழி நன்றாக இருக்கிறது. சிக்கல் பெரிய சில்லிடம்.

"படிகத்தப் பாருங்க மாமா. சில்லுல ஒம்பதாவது காலு, பத்தாவது காலு."

சில்லுக்குத் தாளம் போடுவது அந்தப் படிகம். விநாடிக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் தட்டு. தாளம் நின்றால் சில்லு நினைவோடு, ஆனால் ஓர் அசைவும் இன்றிக் கிடக்கும். நல்லவேளையாக இந்தப் போர்டில் சில்லைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். சின்னத் திருப்புளியால் இரு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பிப் பிடுங்கினேன். கால்களை என் மகளின் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது ஒன்பதும் பத்தும் பச்சையாகக் களிம்பேறியிருந்தன. சாக்கெட்டின் அந்த மூலையில் வெள்ளையும் கறுப்புமாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஊரில் வளர்ந்தவனுக்கு அதை அடையாளம் காண நேரமாகாது, பல்லி எச்சம். கம்பிகள் நுழையும் துளையைப் பையன் அடைக்காமல் விட்டிருந்தான். மழைக்கால ஈரம் அதில் சேர்ந்து இரு கால்களுக்கும் இடையே ஒரு பாலம் போட்டுவிட்டது.

இடி என்று நான் முடித்துவைத்த கதையில் இப்போது ஒரு பல்லி வந்து சேர்ந்தது.

மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில், கைபேசி பழுது பார்க்கும் கடை ஒன்று உண்டு. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் இளைஞர். அவரிடம் ஐ.பி.ஏ. திரவம் ஒரு சிறு புட்டி வாங்கினேன். அப்படியே ரெகுலேட்டரை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். போர்டை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"மாத்தலாம் சார், நூறு ரூவாதான். ஆனா மறுபடியும் சூடேறிப் போகும். எதுக்கு? நல்ல செல்போன் சார்ஜர் ஒண்ணு வாங்கி யூஎஸ்பில குடுத்துருங்க. அது அஞ்சு வோல்ட்டாவே வரும், எரிக்கறதுக்கு மீதி இருக்காது."

நூறு ரூபாயை வேண்டாம் என்று சொன்ன அந்த இளைஞரை என் வகுப்பறைகளில் நான் அதிகம் கண்டதில்லை. அல்லது கண்டும் மதிப்பெண் குறைவாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பழைய பல்துலக்கியால் சாக்கெட்டைத் தேய்த்தேன். கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நன்கு உலர்ந்தபின், அரைவட்டக் குறி எந்தப் பக்கம் என்று மூன்று முறை சரிபார்த்துவிட்டுச் சில்லைச் செருகி யூஎஸ்பியை இணைத்தேன். ஆரஞ்சு விளக்கு படபடவென்று சில தடவை மின்னியது. பிறகு விநாடிக்கு ஒன்றாக, நிதானமாகச் சிமிட்டத் தொடங்கியது. இரவு பதினொன்றரை. மனைவியை எழுப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரிங்க" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பையன் சொன்ன கட்டளை வரியைக் கணினியில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அடித்து, வேறெதையும் தொடுவதற்கு முன் சில்லுக்குள் இருந்ததைப் படியெடுத்தேன். வெறும் எண்களும் எழுத்துகளுமாக ஒரு கோப்பு வந்தது. அவன் எழுதிய மூலமொழி அதில் இல்லை. இயந்திரத்துக்கு விளங்கும் வடிவம் மட்டுமே. ஆனால் வேறொரு சில்லில் அப்படியே பெயர்த்து எழுத அது போதும். அவனுக்கு அனுப்பினேன், மகளுடைய மடிக்கணினியில் போட்டேன், ஒரு பென் டிரைவில் போட்டு என் அகராதிகளுக்கிடையே வைத்தேன். மூன்று படிகள். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியை மீண்டும் மாட்டினேன். துளையை எம்-சீல் கொண்டு அடைத்தேன். அப்பா பியூஸ்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டினார். மும்முனை இருந்த நேரம். ஐந்து நிமிடம் இருவரும் அந்தச் சிமிட்டலையே பார்த்துக்கொண்டு நின்றோம். டக். காண்டாக்டர் இழுத்தது. ஸ்டார்ட்டர் ஏறியது. டக். காண்டாக்டர் விட்டது. தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை. அப்பா என் தோளைத் தட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிப்பக்கம் போனார்.

நான் மட்டும் ஏதோ நெருடலோடு நின்றேன். காண்டாக்டர் விட்ட அந்தக் கணத்தில் ஆரஞ்சு விளக்கு படபடவென்று மின்னியதைக் கண்டேனா, கண்ணின் மயக்கமா? போர்டு புதிதாக விழித்தெழும்போது மட்டும்தான் அது அப்படி மின்னும். இதை வீட்டில் நூறு தடவை பார்த்திருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். சரியாக ஐந்து நிமிடம் கழித்து, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மறுபடியும் டக், டக். மறுபடியும் படபடப்பு. அடுத்த ஐந்து நிமிடத்தில் மறுபடியும்.

"ஆடியில இருந்தே ராத்திரி பூரா டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு."

அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு மருத்துவரிடம் சொல்வது போல நாள் முதற்கொண்டு சொன்னார். பழுது எதிலிருந்து தொடங்கியது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான். கேட்பதாக நினைத்துக்கொண்டு நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை காண்டாக்டர் விடும்போதும் போர்டு மயங்கி விழுந்து எழுகிறது. எழுந்ததும் மோட்டார் ஓடுவது அதற்குத் தெரியாது. ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடியும் பொத்தானை அழுத்துகிறது. மறுபடியும் விழுகிறது. மாதக்கணக்காக ஒவ்வோர் இரவும் இதுதான் நடந்திருக்கிறது.

பையனை அழைத்தேன். தயங்காமல் சொன்னான். காண்டாக்டருக்குள் இருப்பது ஒரு கம்பிச் சுருள். மின்சாரத்தைச் சட்டென்று வெட்டும்போது சுருளில் தேங்கிய காந்தம் எங்கும் போக வழியின்றி ரிலேயின் முனைகளில் பொறியாக வெடிக்கும். அந்தப் பொறி ஒரு குட்டி வானொலி நிலையம் போல. பக்கத்தில் இருக்கும் கம்பிகளெல்லாம் அதை வாங்கிச் சில்லைக் குழப்பிவிடும். எனக்கு உடனே விளங்கியது. என் சிறு வயதில் வீட்டு வானொலியில் செய்தி ஓடும்போது மோட்டாரை நிறுத்தினால் 'கரக்' என்று ஓர் ஒலி வெட்டும். அப்பா வருகிறார் என்று நாங்கள் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்.

"அதுக்குத்தான் சுருளுக்குக் குறுக்க ஒரு கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் போட்டிருக்கேன். மஞ்சக் கலர்ல சதுரமா இருக்கும் பாருங்க."

இருந்தது. உடையவில்லை, கருகவில்லை, புதிது போலவே இருந்தது. முதுகில் 104 என்று எழுதியிருந்தது. பத்துக்குப் பின்னால் நான்கு சுழியம், பிக்கோஃபாரடில்; அதாவது 0.1 மைக்ரோஃபாரட். இப்படிச் சுருக்கி எழுதுகிற மரபு எனக்குப் பிடித்திருந்தது. வாய்பாடுகளோடு வாழ்கிறவனுக்குப் பிடிக்காமல் இருக்குமா? பியூஸ்களைப் பிடுங்கி, விளக்கு லைனையும் அணைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து அதைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். 0.1 இருக்க வேண்டிய இடத்தில் 0.012 காட்டியது. இவ்வகைக் கெப்பாசிட்டர்களில் ஒவ்வொரு மின்னதிர்ச்சிக்கும் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சில் ஒரு சிறு புள்ளி எரிந்து தன்னைத்தானே காத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் போகப் போகக் கொள்ளளவு மட்டும் கரைந்துகொண்டே வரும்.

விலை பன்னிரண்டு ரூபாய். வாடிப்பட்டியில் கேட்ட இடத்தில் இல்லை. மறுபடியும் மதுரை. போக்குவரத்துச் செலவைக் கணக்குப் பார்த்தால் இரண்டு போர்டுகள் வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொன்னாள். சரியான கணக்குதான்.

"அதுவரைக்கும் ராத்திரி போகாதீங்கப்பா. பகல் கரண்ட்டுல மட்டும் போடுங்க."

"சரிப்பா."

அவர் 'சரிப்பா' என்று சொல்லும் விதத்தை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். திங்கட்கிழமை காலை அம்மா மறுபடியும் குரலைத் தாழ்த்திப் பேசினாள். வார இறுதிவரை நான் காத்திருக்கவில்லை. புதன்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் புதுக் கெப்பாசிட்டரோடு கிளம்பிவிட்டேன்.

மோட்டார் அறையில் டார்ச்சு வெளிச்சத்தில் அதை மாட்டினேன். அப்பா டார்ச்சைப் பிடித்தார். நான் எந்தக் கம்பியைத் தேடுகிறேனோ அதன்மேல் வெளிச்சம் எனக்கு முன்பே போய் நின்றது. கிணற்று மோட்டாரை அவர் கழற்றிப் பூட்டிய காலத்தில் அவருக்கு டார்ச்சு பிடிக்க வேண்டியவன் நான்; புத்தகத்தை வைத்துக்கொண்டு வெளிச்சத்தை எங்கோ காட்டி எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மும்முனை நள்ளிரவுக்கு மேல்தான் வரும். திண்ணையில் பாய் விரித்துப் படுத்தோம். மழை விட்டிருந்தது. எதிரே சிறுமலை, கறுப்பின் மேல் இன்னொரு கறுப்பாகக் கிடந்தது. எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை. விழித்தபோது அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். கடிகாரம் கிடையாது, மணி அடிக்கவில்லை. மின்விசிறியின் ஓசையில் ஏதோ ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

"வந்துருச்சு" என்றார்.

ஐந்து நிமிடம். தூரத்தில் ஒரு டக். இன்னொரு டக். தண்ணீர் தொட்டியில் விழத் தொடங்கியது. நான் கைபேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. தவளைகளும் தண்ணீரும் மட்டும்.

"இப்ப டக்குன்னு அடிக்கல பாத்தீங்களா?" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடிக்கல. ஆனா தண்ணி விழுகுற சத்தம் ஒரு மாதிரி இருக்கே. கொழா வெலகியிருக்குமோ?" என்று சொல்லிக்கொண்டே சுவர்மூலைக்குக் கையை நீட்டினார். டார்ச்சு அங்கேதான் இருக்கும்.

அதற்குள் நான் எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பாயின் ஓரத்திலிருந்த கம்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தட்டிக்கிட்டே போ" என்றார்.